சொற்காவலர் ஆர்வெல்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு என்னும் பழம்பதி உள்ளது. அதன் ஒரு பால் வங்கக் கடல் முழங்கும். மறு பால் உவர்நீர் ஏரி ஒன்று தமிழ்நாட்டையும் ஆந்திர நாட்டையும் தழுவிக்கொண்டு பரந்து கிடக்கும். ஒடிசாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்திய நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இதுவேயாகும். இதன் கரையில் வாழும் மீனவர், சொல்லின் அருமையை நன்கு உணர்ந்தவர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். படகைத் தள்ளும் வேளையில் இவற்றுள் எது வீசுகின்றது என்று கூறாமல், காற்று வீசுகின்றது என்று மட்டும் ஒருவன் கூறுவானாயின், அவன் கடலறியாதவன் என்பது கரையிலுள்ள சிறுவர்க்கும் விளங்கிவிடும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்றொரு சொல் வழங்குகின்றது. ஏரியில் வலையிடுதற்குரிய இடத்தையும், அவ்விடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் உரிமையையும் அச்சொல் குறிக்கும். உழைப்புக்கும் துன்பத்துக்கும் தமிழில் பெயராக உள்ள சொல்லே இங்கு உரிமைக்கும் பெயராக நிற்பது எண்ணி மகிழத்தக்கது.

இதே பழவேற்காட்டில் வேறொரு வகை மொழியும் ஒரு காலத்தில் வழங்கியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இங்கு வந்து பண்டகசாலை அமைத்தனர். 1613ஆம் ஆண்டில் கெல்டிரியா என்னும் கோட்டையையும் கட்டினர். இங்கிருந்து அவர்கள் கப்பலேற்றியவை வண்ணத் துணிகள் மட்டும் அல்ல. பஞ்சத்தாலும் போராலும் நிலைகெட்ட மக்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகப் படேவியா நகருக்கு அனுப்பினர். பிறந்த ஊரில் தாய் என்றும் தம்பி என்றும் அழைக்கப்பெற்ற அம்மக்கள் வணிகக் கணக்கில் எண்ணும் விலையுமாக மாறினர். மனிதனைச் சரக்கு என்னும் சொல்லுக்குள் அடைத்துவிட்டால், பின்னர் அவனைக் கப்பலின் அடித்தளத்தில் அடைப்பது எளிதாகிவிடும்.

கொடிய ஆட்சிக்கும் கெட்ட மொழிக்கும் இடையே உள்ள இவ்வுறவைத் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த எழுத்தாளர் ஒருவர் இந்திய மண்ணிலேயே பிறந்தார். உலகம் அவரை ஜார்ஜ் ஆர்வெல் என்று அறியும். பெற்றோர் இட்ட பெயர் எரிக் ஆர்தர் பிளேர் என்பது.

அவர் 1903ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25ஆம் நாள் பீகாரிலுள்ள மோதிஹாரி என்னும் ஊரில் பிறந்தார். பின்னர் 1917ஆம் ஆண்டில் அவுரி பயிரிட்ட உழவர்களின் துயர் துடைக்கக் காந்தியடிகள் அறப்போர் தொடங்கிய சம்பாரண் பகுதியின் தலைநகரம் அதுவே. குழந்தையின் தந்தை ஆங்கில அரசின் அபினித் துறையில் அலுவலர். இந்திய உழவரைக் கொண்டு அபினி விளைவித்துச் சீனருக்கு விற்ற துறை அது. தாய், பர்மாவில் வளர்ந்தவர். குழந்தைக்கு ஓராண்டு நிரம்பிய சில காலத்துக்குள் தாய் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார். பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் பயின்ற எரிக், செல்வர் பிள்ளைகள் பயிலும் ஈட்டன் பள்ளியில் 1921ஆம் ஆண்டு வரை கற்றார். பல்கலைக்கழகம் செல்லவில்லை. அடுத்த ஆண்டே இந்தியப் பேரரசுக் காவல் துறையில் சேர்ந்து பர்மாவுக்குக் கப்பலேறினார். அப்பொழுது அவருக்கு வயது 19.

பர்மாவில் அவர் ஐந்தாண்டுகள் பணியாற்றினார். அந்நாளில் பர்மா இந்தியப் பேரரசின் ஒரு மாகாணமாக இருந்தது. மாண்டலே, இன்சீன், மௌல்மீன், காதா முதலிய ஊர்களில் அவர் அதிகாரம் செலுத்தினார். பின்னாளில் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில், மதங்கொண்டு அடங்கிவிட்ட யானையைச் சுட மனமில்லாத ஒரு வெள்ளை அதிகாரி, சூழ்ந்து நிற்கும் மக்கள் தம்மை எள்ளுவரே என்று அஞ்சிச் சுட்டுவிடுகின்றான். பிறரை அடக்கி ஆள்பவன் தானும் அடிமையாகின்றான் என்பது அவர் பர்மாவில் கற்ற பாடம். தூக்குமேடைக்கு நடத்திச் செல்லப்பெறும் ஒருவனைப் பற்றிய அவருடைய கட்டுரையும் அக்காலத்து நினைவிலிருந்து பிறந்ததே. 1927ஆம் ஆண்டில் விடுமுறையில் தாயகம் திரும்பியவர் நல்ல ஊதியமுள்ள அவ்வேலையைத் துறந்தார். தாம் ஏவலாளாக நின்ற கொடுமைக்குக் கழுவாய் தேட விரும்பினார் எனலாம்.

கழுவாய் தேடிய வழியும் புதுமையானது. கந்தை உடுத்து, இலண்டன் மாநகரில் வீடற்றவர் தங்கும் விடுதிகளில் கிடந்தார். பாரிஸ் நகர உணவு விடுதியொன்றில் பாத்திரம் கழுவினார். இவ்வனுபவங்களை 1933ஆம் ஆண்டில் நூலாக்கியபொழுது, குடும்பத்தார்க்கு நாணம் நேராதிருத்தற் பொருட்டு வேறு பெயர் பூண்டார். சபோக் பகுதியில் ஓடும் ஆறு ஒன்றின் பெயர் ஆர்வெல். ஆற்றின் பெயர் எழுத்தாளரின் பெயராயிற்று. 1936ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடபகுதி சென்று சுரங்கத் தொழிலாளரோடு தங்கினார். நிலக்கரி வெட்டும் குகைக்குள் குனிந்தும் தவழ்ந்தும் சென்று பார்த்து எழுதினார். தாம் கண்டதையே எழுதவேண்டும் என்னும் உறுதி அவரிடம் நாளுக்கு நாள் வளர்ந்தது. செல்வமும் நிலமும் சிலர் கையில் சிக்காமல் மக்கட்கெல்லாம் பொதுவாதல் வேண்டும் என்னும் சமதர்மக் கொள்கையும் அப்பொழுதுதான் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அவ்வாண்டில் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசை எதிர்த்துப் பிராங்கோ என்னும் படைத்தலைவன் கிளர்ந்தெழுந்தான். இட்லரும் முசோலினியும் அவனுக்குத் துணை நின்றனர். ஆர்வெல் டிசம்பர் மாதம் பார்சிலோனா சென்று, குடியரசின் பக்கம் நின்ற சிறு கட்சி ஒன்றின் தொண்டர் படையில் சேர்ந்தார். 1937ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பகைவரின் குண்டு அவர் கழுத்தை ஊடுருவிற்று. உயிர் பிழைத்தார், ஆயினும் குரல் மெலிந்துவிட்டது. அக்காயத்தினும் கொடிய வேறொரு காயம் அவர் உள்ளத்தில் பட்டது. அவர் சேர்ந்திருந்த கட்சியினரை, சோவியத்து ஆட்சியின் ஆதரவு பெற்ற தோழமைக் கட்சியினரே பகைவரின் ஒற்றர் எனப் பழிசுமத்தி வேட்டையாடினர். போர்முனையில் தம்மோடு குளிரில் நடுங்கிய இளைஞரைச் செய்தித்தாள்கள் துரோகிகள் என்று எழுதின. நடவாத போர்கள் நடந்தனவாக வந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்ட இடத்தைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. நடந்தது இன்னது என்று கூறுதற்குச் சான்றே இல்லாமல் போய்விடுமோ என்னும் அச்சம் அவரைப் பற்றியது. பகைவன் பொய் கூறுவதை அவர் முன்பே கண்டிருந்தார். தம் பக்கத்தாரே பொய் கூறுவதை ஸ்பெயினில் கண்டார். அவருடைய பிற்கால நூல்கள் அனைத்துக்கும் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது. ஸ்பெயின் பற்றி அவர் எழுதிய நூல் 1938ஆம் ஆண்டில் வெளிவந்தது. அச்சிட்ட 1500 படிகளும் அவர் இறக்கும் வரையில் விற்று முடியவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அவர் வாழ்க்கை மீண்டும் இந்தியாவோடு பிணைந்தது. 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இலண்டன் பி.பி.சி. வானொலியின் கிழக்கு நாட்டுப் பிரிவில் பணியேற்று, இந்தியாவுக்கு உரிய உரைகளை அமைத்தார். இந்திய எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த், கவிஞர் டி. எஸ். எலியட், இலங்கைத் தமிழராகிய கவிஞர் தம்பிமுத்து ஆகியோர் அவர் அமைத்த கவிதை நிகழ்ச்சியிற் கலந்துகொண்டனர். வாரந்தோறும் அவர் எழுதிய போர்ச் செய்தி விளக்கங்களுட் பல குஜராத்தி, மராத்தி, வங்காளி, தமிழ் முதலிய மொழிகளில் பெயர்க்கப்பெற்று ஒலிபரப்பாயின. அவர் எழுத்து தமிழ்க் காற்றிலும் மிதந்து வந்தது என்பது தமிழர் பலர் அறியாத செய்தி.

ஆனால் அப்பணியில் ஒரு முரண் இருந்தது. 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8ஆம் நாள் வெள்ளையனே வெளியேறு என்னும் தீர்மானம் பம்பாயில் நிறைவேறிற்று. மறுநாள் விடியுமுன் காந்தியடிகளும் காங்கிரசுத் தலைவர்களும் சிறைப்பட்டனர். இந்தியா விடுதலை பெறவேண்டும் என்று மனமார விரும்பிய ஆர்வெல், இந்தியத் தலைவர்களைச் சிறையில் அடைத்த அரசின் சார்பில், விடுதலைக்காக நடக்கும் போர் என்று இந்தியர்க்கே எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வோர் உரையும் தணிக்கையாளர் கண்பட்டு முத்திரை பெற்ற பின்னரே ஒலிபரப்பாகும். இட்லரின் ஆட்சியை வீழ்த்துவது முதற்கடமை என்று கருதி ஈராண்டு பொறுத்திருந்தார். தம் உழைப்பால் பயன் விளையவில்லை, பொதுப்பணமே வீணாகின்றது என்று எழுதிக் கொடுத்துவிட்டு 1943ஆம் ஆண்டு நவம்பரில் விலகினார். நல்ல நோக்கத்துக்காக நடக்கும் பிரசாரமும் மொழியை எவ்வாறு கறைப்படுத்தும் என்பதை உள்ளே இருந்து அறிந்தவர் அவர். ஈராண்டு வானொலியில் இருந்தும், அவர் குரலின் ஒலிப்பதிவு ஒன்றேனும் இன்று கிடைக்கவில்லை.

விலகிய சில மாதங்களுக்குள் விலங்குப் பண்ணை என்னும் கதையை எழுதி முடித்தார். கொடிய முதலாளியை விரட்டிவிட்டுத் தாமே பண்ணையை ஆளத் தொடங்கிய விலங்குகளின் கதை அது. எல்லா விலங்கும் சமம் என்று சுவரில் சட்டம் எழுதப்படுகின்றது. பன்றிகள் ஆட்சியைக் கைப்பற்றுகின்றன. இரவோடு இரவாகச் சுவரெழுத்து ஒவ்வொன்றாக மாறுகின்றது. படிக்கத் தெரியாத விலங்குகள், முன்பு வேறுவிதமாக அன்றோ இருந்தது என்று ஐயுறும். ஆனால் நிறுவிக் காட்ட இயலாமல் தலை கவிழும். இரஷ்யப் புரட்சி ஸ்டாலினின் தனியாட்சியாக மாறியதை இக்கதை உருவகமாகக் காட்டிற்று. அந்நாளில் ஸ்டாலின் போரில் இங்கிலாந்தின் தோழர். ஆகவே பதிப்பகத்தார் பலர் கதையை ஏற்க மறுத்தனர். கதையைத் திருப்பி அனுப்பியோருள் எலியட்டும் ஒருவர். சட்டம் எதுவும் தடுக்கவில்லை; அச்சமும் முகத்தாட்சணியமுமே தடுத்தன. நூல் 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. அப்புகழைக் காண அவருடைய மனைவி ஐலீன் உயிரோடு இல்லை. அறுவை மருத்துவத்துக்காக மயக்கமருந்து கொடுத்தபொழுது, அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே அவர் இறந்துபோனார். வளர்ப்பு மகனாகிய கைக்குழந்தை ஆர்வெலின் கையில் தங்கிற்று.

1946ஆம் ஆண்டில் அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி அவர் எழுதிய கட்டுரை மொழி பயில்வோர் அனைவர்க்கும் உரியது. கொடுஞ்செயலைக் கொடுஞ்செயல் என்று கூற நாணுபவர், நீண்ட மங்கலான சொற்களைத் தேடுகின்றனர் என்பது அதன் கருத்து. ஊரைக் குண்டு வீசி அழித்துவிட்டு அமைதிப்படுத்தினோம் என்பர். உழவரை நிலத்தைவிட்டு விரட்டிவிட்டு மக்கள் இடமாற்றம் என்பர். அத்தகைய மொழியைக் கேட்பவன் கண்முன் எரியும் கூரையும் அழும் குழந்தையும் தோன்றா. எளிய சொல் போதுமான இடத்தில் அரிய சொல்லை இடாதே, செய்வினை கூடும் இடத்தில் செயப்பாட்டு வினையை நாடாதே என்பன போன்ற சில நெறிகளையும் அவர் வகுத்தார்.

ஆங்கிலத்துக்கு அவர் கூறியது தமிழுக்கும் பொருந்தும். குடிசைகள் அப்புறப்படுத்தப்பட்டன என்று ஓர் அறிவிப்பு கூறுமாயின், அப்புறப்படுத்தியவர் யார்? தொடரில் அவர் இல்லை. ஆவன செய்யப்படும் என்னும் அலுவலகத் தொடரில் செய்பவரும் இல்லை, செய்யும் நாளும் இல்லை, செயலும் இன்னதென்று இல்லை. இலக்கண வகுப்பில் எழுவாயைத் தேடும் மாணவன் ஒரு வகையில் நீதியையும் தேடுகின்றான். புறம்போக்கு என்னும் சொல்லையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். தீர்வை விதிக்கப்பெறாமல், வருவாய்க் கணக்குக்குப் புறம்பாக ஊர்ப்பொதுவுக்கென விடப்பெற்ற நிலத்துக்கு அது பெயர். மேய்ச்சல் தரை, நீர்வழி, சுடுகாடு, மீனவர் வலை உலர்த்தும் மணல்வெளி ஆகிய யாவும் அவ்வகையின. அரசுக்கு வரி தராத நிலம் பயனற்ற நிலம் என்னும் எண்ணம் பரவ, அச்சொல்லும் இழிந்தது. இன்று வீணனைத் திட்டும் வசைச்சொல்லாகவும் வழங்குகின்றது. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை கிடக்கும் கழியிலும் சேற்றிலும் இறாலும் நண்டும் முன்போலவே பெருகின. நிலம் பயன் குன்றவில்லை, பெயர்தான் மதிப்பிழந்தது. பெயர் மதிப்பிழந்த நிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்குவோரை யார் தடுப்பார்?

இக்கட்டுரை எழுதிய ஆண்டில் ஆர்வெல் ஸ்காத்லாந்துக்கு மேற்கேயுள்ள ஜூரா என்னும் தீவுக்குச் சென்றார். மின்விளக்கில்லாத தனிவீட்டில் இருந்துகொண்டு தம் இறுதி நாவலை எழுதலானார். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மகனையும் உறவினர் பிள்ளைகளையும் படகில் ஏற்றிக்கொண்டு கோரிவ்ரெக்கன் என்னும் பெருஞ்சுழியுள்ள நீரிணைப்புக்குள் புகுந்தார். கடலின் ஏற்ற வற்றத்தை அவர் தவறாகக் கணித்துவிட்டார். படகின் பொறி பிய்ந்து நீரில் விழுந்தது; படகு கவிழ்ந்தது. அனைவரும் பாறைத் திட்டு ஒன்றில் ஏறி நின்றனர். இறால் பிடிக்கும் மீனவர் படகு ஒன்று அவ்வழி வந்திராவிடின், நாவலும் இல்லை, நாவலாசிரியரும் இல்லை. அலையைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர் காப்பாற்றினர் என்க.

1949ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8ஆம் நாள் வெளிவந்த அந்நாவலின் பெயர் 1984. அதில் வரும் நாட்டை மூத்த அண்ணன் என்னும் தலைவன் ஆள்கின்றான். அண்ணன் என்பது தமிழர்க்கு அன்பும் காவலும் சுரக்கும் சொல். அத்தகைய உறவுச் சொல்லே அங்கு அச்சத்தின் பெயராகிவிட்டது. கட்சியினர் வீடுதோறும் ஒரு திரை உண்டு. அது படம் காட்டும், பார்ப்பவனையும் பார்க்கும். போரை நடத்தும் துறைக்கு அமைதி அமைச்சகம் என்று பெயர். வதைக்கும் துறைக்கு அன்பு அமைச்சகம் என்று பெயர். கதைத் தலைவனாகிய வின்ஸ்டன் ஸ்மித் உண்மை அமைச்சகத்தில் பணியாற்றுகின்றான். பழைய செய்தித்தாள்களைத் திருத்தி, ஆட்சி இன்று கூறுவதற்கேற்ப நேற்றைய நிகழ்ச்சியை மாற்றி எழுதுவதே அவன் பணி.

ஆனால் அந்நாவலின் ஆழ்ந்த பகுதி அதில் வரும் புதுப்பேச்சு என்னும் மொழியே. உலகில் மொழிகள் நாளுக்கு நாள் சொல் பெருகி வளர்கின்றன. புதுப்பேச்சோ ஆண்டுதோறும் சொல் குறைந்து வருவது. ஆட்சிக்கு எதிரான எண்ணத்தைத் தண்டிப்பதைவிட, அவ்வெண்ணத்துக்குரிய சொல்லையே அகராதியிலிருந்து நீக்குவது எளிது என்று ஆள்வோர் கருதுகின்றனர். இதனைப் பழவேற்காட்டுக் கரையில் வைத்துப் பார்த்தால் நன்கு விளங்கும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் நான்கும் மிகை, காற்று என்னும் ஒரு சொல் போதும் என்று ஓர் ஆணை பிறப்பதாகக் கொள்வோம். முதல் தலைமுறை மீனவர் மனத்துக்குள் பழைய சொல்லை வைத்திருப்பர். அவர்தம் மக்கள் அரைகுறையாக அறிவர். பேரப்பிள்ளைகள் காற்று அடிக்கின்றது என்று கூறிக்கொண்டு புயலுக்குள் படகைச் செலுத்துவர். பாடு என்னும் சொல் மறைந்தால், தன் முறையைப் பிறன் பறித்துக்கொண்டான் என்று முறையிடுதற்கும் வாய் இராது. உரிமை என்னும் சொல்லே அறியாத மக்கள் உரிமை கேட்டு எழுவது எங்ஙனம்? ஆர்வெல் விடுத்த வினா இதுவே.

சொல்லைக் கைப்பற்றும் வேட்கை ஸ்டாலின், இட்லர் ஆகியோர்க்கு மட்டும் உரியதன்று. 1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இரவு இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அது ஆர்வெலின் பிறந்தநாளாக அமைந்தது தற்செயலே. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. சில இதழ்கள் தலையங்கத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தன. எழுத்தில்லாத அவ்விடத்தை மக்கள் நன்கு படித்தனர். விசாரணையின்றிச் சிறையிடுதலும் கட்டுப்பாடு என்னும் நற்பெயரால் போற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 1976ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் மாநில ஆட்சி கலைக்கப்பட்டபின் தணிக்கை மேலும் இறுகிற்று. 1977ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தேர்தல் முடிந்த பின்னரே நெருக்கடி நிலை நீங்கியது. 2013ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் இரகசியக் கண்காணிப்பு வெளிப்பட்டபோது, அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட 1984 நாவல் மீண்டும் மிகுதியாக விற்பனையாயிற்று. அந்நாவலில் அரசு வலிந்து மாட்டிய திரையை, இன்று மக்கள் தாமே விலைகொடுத்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கின்றனர் என்று கூறுவாரும் உளர்.

எல்லாக் கட்சியாரும் தம் பகைவர்மீது எறியும் கல்லாக ஆர்வெலின் பெயரை இன்று எடுக்கின்றனர். அவர் எழுதியது பிறரைச் சாடுதற்கு மட்டும் அன்று. நாவல் வெளிவந்தபொழுது, அது சமதர்மத்தைத் தாக்கும் நூல் எனச் சிலர் கொண்டாடினர். அவ்வாறன்று என்று அவரே மறுத்தார். அவரும் குற்றம் கடந்தவர் அல்லர். நோய்ப்படுக்கையில் இருந்த 1949ஆம் ஆண்டில், பொதுவுடைமைச் சார்புடையவர் எனத் தாம் கருதிய எழுத்தாளர் சிலரின் பெயர்ப் பட்டியலை ஆங்கில அரசின் பிரசாரத் துறை ஒன்றுக்கு அவர் அளித்தார். அவர்களைப் பிரசாரப் பணிக்கு நம்பவேண்டா என்பதே அதன் நோக்கம் எனினும், ஒற்றரையும் பட்டியலையும் வெறுத்தவர் இதனைச் செய்திருக்க வேண்டியதில்லை.

காசநோய் பல்லாண்டுகளாக அவரை அரித்துவந்தது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வருவித்த ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் புதுமருந்து அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. அவ்வாண்டின் இறுதியில், நாவலைத் தட்டெழுதித் தர ஜூரா தீவுக்கு வருவார் கிடைக்காமையால், படுக்கையில் சாய்ந்தவாறே தாமே முழுவதையும் தட்டெழுதினார். அவ்வுழைப்பு அவரை வீழ்த்திற்று. 1949ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் மருத்துவமனைப் படுக்கையிலேயே சோனியா என்பவரை மணந்தார். 1950ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 21ஆம் நாள், தம் 46ஆம் வயதில் இறந்தார். விலங்குப் பண்ணையும் 1984உம் அதன்பின் உலக மொழிகள் பலவற்றிற் பரவின. தமிழில் அவற்றை க. நா. சுப்ரமண்யம் பெயர்த்தார்.

சட்டன் கோர்ட்னி என்னும் சிற்றூரில் மாதாகோயில் அருகே அவர் கல்லறை உள்ளது. அதிலுள்ள கல்லில் எரிக் ஆர்தர் பிளேர் என்னும் இயற்பெயரும், பிறந்த நாளும் இறந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆர்வெல் என்னும் பெயரோ, அவர் எழுதிய நூல் ஒன்றின் பெயரோ அக்கல்லில் இல்லை.